டென்னிஸ் ஆசான் ஜான்சன்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் என்னும் நகரம் உள்ளது. அந்நகரில் மருத்துவராய் விளங்கியவர் இராபர்ட் வால்ட்டர் ஜான்சன். 1899-ஆம் ஆண்டில் பிறந்த இவர், லிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பெரும்புகழ் பெற்றார். இவர்தம் ஓட்டத்தின் விரைவைக் கண்டோர் இவரைச் சூறாவளி என்றே அழைத்தனர். பின்னர் மெகாரி மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1932-இல் மருத்துவரானார். கால்பந்தை விடுத்த பின்னர் டென்னிஸ் ஆட்டம் இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தம் இல்லத்தை அடுத்தே ஓர் ஆடுகளம் அமைத்துக்கொண்டார்.

அக்காலத்தில் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வெள்ளையரோடு ஒரே பள்ளியில் பயிலவும் இயலாது. ஒரே களத்தில் ஆடவும் இயலாது. நாடளாவிய டென்னிஸ் போட்டிகளின் கதவும் அவர்களுக்கு அடைபட்டே கிடந்தது. ஆதலின், 1916-ஆம் ஆண்டிலேயே அவர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் ஒன்று கண்டனர். 1946-இல் அச்சங்கம் நடத்திய போட்டியில், ஹார்லெம் பகுதியில் வளர்ந்த ஆல்தியா கிப்சன் என்னும் இளநங்கை இறுதியாட்டத்தில் தோற்றார். தோற்றவரிடத்தே வெல்லும் ஆற்றலைக் கண்டார் ஜான்சன். அவரும் அவர் நண்பர் ஈட்டன் என்னும் மருத்துவரும் அந்நங்கையைத் தம் மகளெனப் பேணினர். பள்ளி நாள்களில் ஈட்டன் இல்லமும் கோடையில் ஜான்சன் இல்லமும் கிப்சனுக்கு உறைவிடமாயின. 1957, 1958 ஆகிய ஈராண்டுகளிலும் அவர் விம்பிள்டனில் வாகை சூடினார்.

கோடைதோறும் சிறுவர் பலர் ஜான்சன் இல்லத்திற்கு வந்து தங்கிப் பயின்றனர். துடைப்பக் கழியால் பந்தை அடித்துப் பழகுதல் அங்கு முதற்பாடம். கழியால் அடிக்க வல்லவனுக்கு மட்டை ஓர் அகன்ற பலகையன்றோ! தோட்டத்தில் களை பறித்தலும் ஆடுகளத்தைச் செப்பம் செய்தலும் மாணாக்கர் கடமைகள்.

இவற்றினும் கடுமையானவை அவர் வகுத்த ஒழுக்க விதிகள். எதிரி அடித்த பந்து கோட்டிற்குச் சிறிது வெளியே வீழினும், அதனை உள்ளே வீழ்ந்ததாகவே கொண்டு ஆடுதல் வேண்டும். நடுவரிடம் வாதிடலாகாது. பக்கம் மாறும்போது பந்துகளைப் பொறுக்கி எதிரியின் கையில் கொடுத்தல் வேண்டும். நேர்மையாளர்க்கு இவ்விதிகள் கசப்பாகவே தோன்றும். தனக்குரிய புள்ளியை ஒருவன் ஏன் விட்டுக்கொடுத்தல் வேண்டும்? ஆயினும், ஒரு சிறுவன் முகஞ்சுளித்தால் அதனையே காரணமாகக் காட்டி அவ்வினத்தார் அனைவரையும் வெளியேற்றக் காத்திருந்தோர் பலர். அவர்களுக்கு அக்காரணத்தைத் தரலாகாது என்பதே ஜான்சன் கொண்ட உறுதி.

1953-இல் ரிச்மண்ட் நகரினின்று ஆர்தர் ஆஷ் என்னும் பத்து வயதுச் சிறுவன் வந்தான். அங்கே அவனுக்கு முதன்முதல் மட்டை பிடிக்கக் கற்பித்தவர் ரொனால்டு சாரிட்டி என்னும் கல்லூரி மாணவர். அவர் கற்பித்த முறையை விட்டுப் புதுமுறையை ஏற்க ஆஷ் மறுத்தான். அவன் தந்தை நேரில் வந்து, இங்கே ஜான்சன் சொல்வதே சட்டம் என உணர்த்திச் சென்றார். அதன்பின் அவன் பணிந்து பயின்றான். பள்ளி மாணவர்க்கான தேசியப் போட்டியில் அவன் கலந்துகொள்ள ஜான்சன் முயன்று இசைவு பெற்றார். 1961-இல் ஆஷ் அதில் வென்றான்.

1968-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் பட்டத்தை ஆஷ் வென்றபோது, அதனை அறிந்து மகிழ ஆசான் உயிரோடிருந்தார். 1971-இல் ஜான்சன் இயற்கை எய்தினார். ஆஷ் விம்பிள்டனில் வென்றது 1975-இல்.