தாத்தா இரட்டைமலை சீனிவாசனார் எழுதிவைத்த பாடம்

நம் கல்விக் கழகம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுறும் இந்நன்னாளில், நம் சமுதாய இளைஞர்கள் முன் ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகின்றோம். அண்மையில் நம் படிப்பகத்தின் இரவல் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். தேர்வு வழிகாட்டிகளும் நாவல்களும் ஓய்வின்றி வெளியே சென்று திரும்புகின்றன. வாழ்க்கை வரலாறு, தன்வரலாறு, நாட்டு வரலாறு, சமுதாய ஆராய்ச்சி ஆகிய நூல்கள் அடுக்கப்பெற்ற அலமாரியை நாடுவோர் மிகச் சிலரே. கதை படித்தல் குற்றமன்று. தேர்வுக்குப் படித்தல் கடமையே. ஆயினும் நாம் யார், எவ்வாறு தாழ்த்தப்பட்டோம், எவர் உழைப்பால் தலை நிமிர்ந்தோம் என்பவற்றை உண்மை நிகழ்ச்சிகளைக் கூறும் நூல்களே நமக்கு உணர்த்தவல்லன. இதனை ஒரு பெருமகனாரின் வாழ்வைக் கொண்டே விளக்க முற்படுகின்றோம். அவர்தாம் தாத்தா என நாம் அன்புடன் அழைக்கும் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்.

வாயிலில் நின்ற மாணவர்

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில், 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் சீனிவாசனார் பிறந்தார். குடும்பம் இடம்பெயர்ந்தமையால் கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். அங்குப் பயின்ற மாணவர் ஏறத்தாழ நானூற்றுவர். அவருள் பத்துப் பேர் நீங்கலாக மற்றையோர் அனைவரும் பார்ப்பனப் பிள்ளைகள். தம் குலமும் குடும்பமும் இன்னவென அவர்கள் அறிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களோ என்னும் அச்சம் அவ்விளைஞரை வாட்டியது. ஆகவே பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்து, ஆசிரியர் வகுப்பினுள் சென்ற பின்னரே தாமும் உள்ளே நுழைவார். வகுப்பு முடிந்ததும் பிறர் நெருங்கிப் பேசுமுன் விரைந்து வீடு திரும்புவார்.

இச்செய்தி நமக்கு எவ்வாறு தெரிந்தது? அவரே எழுதிவைத்தமையால் தெரிந்தது. 1939இல், எண்பதாம் அகவையை எட்டிய காலத்தில், ஜீவிய சரித்திர சுருக்கம் என்னும் சிறு நூலை அவர் வெளியிட்டார். பட்டங்கள் பல பெற்ற முதியவர் தம் இளமையின் அவமானத்தை மறைத்திருக்கலாம். அவர் மறைக்கவில்லை. இன்றும் பள்ளியிலோ விடுதியிலோ பணியிடத்திலோ சாதி வினவப்படும்போது நெஞ்சு பதைக்கும் நம் பிள்ளைகள், அந்தப் பதைப்பு தம் குறையால் நேர்ந்ததன்று என்பதை அந்நூலால் அறிவர். தனியொருவரின் வெட்கமெனத் தோன்றுவது ஒரு சமுதாய அமைப்பு விளைத்த தீங்கு என்பதே வரலாற்று நூல் தரும் முதற்பாடம்.

பெயரையே படைக்கலமாக்கியவர்

கல்விக்குப் பின் நீலகிரியில் ஐரோப்பியர் வாணிக நிலையங்களில் கணக்கராகப் பணியாற்றிய சீனிவாசனார், 1890இல் சென்னை சேர்ந்தார். அறிஞர் அயோத்திதாசப் பண்டிதர் இவருக்கு மைத்துனர் முறையினர். அக்காலத்தில் நம்மவர் பத்திரிகைத் துறைக்குப் புதியவர் அல்லர். 1869ஆம் ஆண்டிலேயே சூரியோதயம் என்னும் இதழ் தோன்றியிருந்தது. அவ்வழியில் சீனிவாசனார் 1893 அக்டோபரில் பறையன் என்னும் இதழைத் தொடங்கினார். திங்கள் இதழாகத் தோன்றிப் பின்னர் வார இதழாயிற்று.

அப்பெயரைக் கேட்டு முகஞ்சுளித்தோர் பலர். நம்மவரும் அவருள் இருந்தனர். ஆனால் எப்பெயரைச் சொல்லி உலகம் இழித்ததோ அப்பெயரை அஞ்சாது தாங்கி முன்வந்தாலன்றி உரிமை கேட்க இயலாது என அவர் கருதினார். வாயிலில் ஒளிந்து நின்ற மாணவர், தம் குலப்பெயரையே இதழின் முகப்பில் அச்சிட்டு ஊரறியச் செய்தார்! 1896இல் இதழில் வெளிவந்த ஒரு கடிதம் காரணமாக வழக்குத் தொடரப்பட்டு, அவருக்கு நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பெற்றது. அதற்கும் அவர் கலங்கினாரல்லர். 1900ஆம் ஆண்டு வரை இதழ் நடைபெற்றது.

காலத்தோடு வைத்துக் காணல்

1893இல் இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இலண்டனில் நடத்துவதுபோல் இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்தவேண்டும் எனக் காங்கிரசார் கோரினர். ஆங்கிலப் பாராளுமன்றத்தின் மக்களவையும் அதற்கிசைந்து தீர்மானம் செய்தது. சீனிவாசனாரோ அதனை எதிர்த்துக் கூட்டம் கூட்டி, மூவாயிரத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களுடன் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். இதனை மேலோட்டமாகக் கேட்பவர், இவர் நாட்டின் முன்னேற்றத்துக்குத் தடை நின்றார் என எண்ணக்கூடும்.

உண்மை நூல்களைப் பயின்றவர் அவ்வாறு விரைந்து முடிவு செய்யார். அன்று நம் மக்களின் நிலை யாது? 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அரசுக்கு அளித்த அறிக்கையைப் படித்தல் வேண்டும். குடியிருக்கும் மனைகூடத் தமக்கு உரிமையின்றி, கடனால் பிணிக்கப்பட்டு, மிராசுதாரர்க்கு அடங்கி வாழ்ந்த நம் முன்னோரின் அவலத்தை அது எடுத்துரைக்கின்றது. அவ்வறிக்கையின் விளைவாகவே 1892இல் நம்மவர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் இன்று வழக்காடுவது அதனையே. நம் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு ஊக்கமளிக்கும் ஆணை 1893இல்தான் வந்தது. பள்ளி வாயிலே அப்பொழுதுதான் திறக்கும் நிலையில், தேர்வு இங்கு நடந்தால் முன்னரே கற்றவர் ஒரு சாராரே பதவிகளை அடைவர். ஊரில் நம்மை ஒடுக்குவோரே மாவட்டத்தையும் ஆள்வர் என அவர் அஞ்சினார். அவர் முடிவை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அதன் காரணத்தை அறியாது தீர்ப்புக் கூறலாகாது.

கடல் கடந்தும் மீண்டும்

1900இல் நாட்டை விட்டுப் புறப்பட்ட சீனிவாசனார் தென்னாப்பிரிக்கா சேர்ந்தார். அங்கு நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அங்கிருந்த காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்பித்தவர் இவரே. இரு பத்தாண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பி, 1923இல் சென்னைச் சட்டசபையின் உறுப்பினரானார்.

பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் எவ்வகுப்பினர்க்கும் தடையில்லை என்னும் தீர்மானம் 1924இல் அச்சபையில் நிறைவேறியது. அதற்காக வாதாடியோருள் முன்நின்றவர் இவர். இன்று பொதுச் சாலையில் நடக்கும் நம் இளைஞர், அவ்வுரிமை இயற்கையாக வாய்த்ததென்றே நினைப்பர். கால்வைத்து நடப்பதற்கும் ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. அதற்கோர் ஆண்டு உண்டு. அதனைப் பெற்றுத் தந்தவர் உண்டு. தீர்மானம் ஏட்டில் ஏறிய பின்னும் பல ஊர்களில் தெருக்கள் திறக்கவில்லை என்பதும் வரலாறே. சட்டம் பெறுதல் ஒரு போராட்டம். அதனை நடைமுறைக்குக் கொணர்தல் மற்றொரு போராட்டம்.

1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டனில் நடைபெற்ற வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து, தாழ்த்தப்பட்டோர் சார்பில் சீனிவாசனார் உரிமை கோரினார். பின்னர் 1932 செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. தனித்தொகுதி முறை கைவிடப்பட்டது. மாகாணச் சட்டசபைகளில் நமக்கு முன்னர் அறிவிக்கப்பெற்றிருந்த 71 இடங்கள் 148 ஆயின. பெற்றது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்னும் கேள்வி இன்றும் ஓயவில்லை. அதற்கு விடை காண விழைவோர், மேடைப் பேச்சை மட்டும் நம்பாது, ஒப்பந்தத்தையும் அதனைப் பற்றி அம்பேத்கர் எழுதியவற்றையும் எதிர்த்தரப்பார் எழுதியவற்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தல் வேண்டும். ஒரு நூலை மற்றொரு நூலால் சரிபார்த்தலே உண்மை காணும் முறை. தாத்தாவின் தன்வரலாறும் அதற்கு விலக்கன்று. முதுமையில் நினைவிலிருந்து எழுதிய நூலாதலின், அதனைச் சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளுடன் ஒப்பிட்டுப் படிப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

1945 செப்டம்பர் 18ஆம் நாள் அப்பெருமகனார் மறைந்தார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

நாம் செய்யவேண்டுவது

இம்மலரைத் தொகுக்க அமர்ந்தபோது நமக்கு ஒரு வருத்தம் நேர்ந்தது. நம் கழகத்தின் முதல் சில ஆண்டுகளின் நிகழ்ச்சிக் குறிப்பேடு கரையானுக்கு இரையாகிவிட்டது. முதற்கூட்டத்துக்கு வந்தோர் எத்தனை பேர், முதல் ரூபாயை நல்கியவர் எந்தக் கூலித்தொழிலாளி, இரவுப் பள்ளிக்கு விளக்குத் தந்தவர் எந்தத் தாய் என்பவற்றை முதியோரின் நினைவைக் கொண்டே கேட்டறிந்தோம். அம்முதியோருள் இருவர், மலர் அச்சேறுமுன் காலமாயினர். இருபத்தைந்து ஆண்டுகளிலேயே இந்நிலை எனில், நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோரின் செய்திகளுள் எவ்வளவு அழிந்திருக்கும்! எண்பது வயதில் ஒருவர் பேனாவை எடுத்தமையால் அன்றோ வாயிலில் நின்ற அந்த மாணவரை நாம் காண்கின்றோம்!

ஆகவே இளைஞர்களே, திங்களுக்கு ஒரு வரலாற்று நூலையேனும் படியுங்கள். படித்ததை ஞாயிறுதோறும் படிப்பகத்தில் கூடிப் பேசுங்கள். உங்கள் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு, ஊரின் கிணறு, சுடுகாட்டுப் பாதை, நிலம், பள்ளி ஆகியவற்றின் கதையை ஆண்டுடன் எழுதிவையுங்கள். வீட்டிலுள்ள பழைய பட்டா, விண்ணப்பம், துண்டறிக்கை, நிழற்படம் எதனையும் எறிந்துவிடாதீர்கள். படி எடுத்துக் கழகத்துக்குத் தாருங்கள்.

அன்று அவர் உள்ளே செல்ல அஞ்சி வெளியே அமர்ந்து படித்தார். இன்று நம் படிப்பகத்தின் கதவு திறந்தே இருக்கின்றது. உள்ளே வாருங்கள்.