10-1ல் இருந்து 2-1 வரை: ரஹீம் சார் கதை

உலகக் கோப்பை வந்தா நம்ம ஹாஸ்டல்ல பாதி பேர் அர்ஜென்டினா, மீதி பேர் போர்ச்சுகல். இந்தியா எப்போ ஃபுட்பால்ல ஜெயிச்சுதுன்னு கேட்டா, பதிலுக்கு ஒரு சிரிப்புதான் வரும். ஆனா ஆசியாவுக்கே இந்தியா சாம்பியனா இருந்த காலம் ஒண்ணு இருந்தது. அந்தக் காலத்து ஸ்கோர்களை வரிசையா எழுதினா, ஒரு மனுஷனோட பாதி வாழ்க்கை அதுல வந்துடும். அவர் பேர் சையத் அப்துல் ரஹீம்.

1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். பார்த்த வேலை, பள்ளிக்கூட வாத்தியார். 1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். வாத்தியார் புத்தி மைதானத்திலும் போகவில்லை. பழக்கமில்லாத காலால் மட்டும்தான் உதைக்கணும் என்று விதி வைத்தே போட்டிகள் நடத்தினார். அவர் பயிற்சி கொடுத்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 வருஷம் ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கியது.

1951-ல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. ரஹீம் பயிற்சியில் இறங்கிய இந்தியா, இறுதிப் போட்டியில் ஈரானை 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் மேவாலால். முதல் பெரிய போட்டியிலேயே தங்கம்!

அடுத்த வருஷமே அடி விழுந்தது. ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று நொறுக்கியது. அந்தக் குளிரில் நம்ம ஆட்களில் பல பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. இப்படி ஒரு ஸ்கோருக்கு அப்புறம் வேற யாரா இருந்தாலும் ஒதுங்கியிருப்பாங்க. ரஹீம் ஒதுங்கவில்லை.

1956, மெல்போர்ன் ஒலிம்பிக். சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தினோம். நெவில் டிசோசா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா. அங்கே எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தது நாமதான்! கடைசியில் 4-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று நாலாவது இடம். 1960 ரோமில் ஹங்கேரியிடம் 2-1 தோல்வி, பிரான்ஸோடு 1-1 டிரா, பெருவிடம் 3-1 தோல்வி. பத்து கோல் வாங்கிய அணி, எட்டே வருஷத்தில் ஐரோப்பிய அணிகளுக்குச் சமமாக நின்றது.

பிறகு 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. அப்போதே ரஹீமுக்குப் புற்றுநோய். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்தை ஜெயித்த ஆட்டத்தில் டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டு தையல். வாத்தியார் அவரை உட்கார வைக்கவில்லை. அரையிறுதியில் முன்வரிசைக்கு அனுப்பினார். தென்வியட்நாமை 3-2 என்று வென்றதில் ஜர்னைல் கோலும் ஒண்ணு.

செப்டம்பர் 4, இறுதிப் போட்டி. எதிரே மறுபடி தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காததை இந்தியப் பிரதிநிதி எதிர்த்ததால், ஜகார்த்தாவே நம்ம மேல் கோபத்தில் இருந்தது. அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். கோல்போஸ்ட்டில், மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்கு ஆடிய பீட்டர் தங்கராஜ். பி.கே. பானர்ஜி ஒண்ணு, தையல் போட்ட தலையோடு ஜர்னைல் ஒண்ணு. கொரியா கடைசி நேரத்தில்தான் ஒரு கோல் திருப்பியது. 2-1. தங்கம்.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் மறைந்தார். வயது 53. ஆசிய விளையாட்டு கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியா தங்கம் வாங்கவே இல்லை. ஒலிம்பிக் கால்பந்துக்கு நாம கடைசியா போனதும் அவர் கூட்டிட்டுப் போன அந்த 1960-ல்தான்.

அரியர் வெச்சிருக்கிற நண்பர்களே, ஹெல்சின்கி ஸ்கோரை யாரும் பட்டியலில் இருந்து அழிக்கவில்லை. அது இன்னைக்கும் அங்கேதான் இருக்கு. அதுக்குக் கீழே பத்து வருஷம் ரஹீம் சார் என்ன எழுதினார் என்பதையும் சேர்த்துப் படிங்க.