அரியலூர்க் கடலை ஆராய்ந்த அறிஞர்

அரியலூருக்கும் கடலுக்கும் வெகுதூரம். ஆயினும் அங்கே வயலை உழும்போதும் சுண்ணாம்புக்கல் வெட்டும்போதும் கல்லாகிப்போன சிப்பிகளும், ஆட்டுக்கிடாவின் கொம்பைப் போல் சுருண்ட அம்மோனைட்டுகளும் அகப்படுகின்றன. ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்விடம் கடலாக இருந்ததே காரணம். நமது நார்த்தாமலையிலோ திருமயத்திலோ எவ்வளவு தேடினாலும் ஒரு சிப்பிகூடக் கிடைக்காது. நம் பாறைகள் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானவை அல்லவா!

அந்தப் பழங்கடலின் உயிர்களை விரிவாக ஆராய்ந்து எழுதிய பெருமகனார் பெர்டினான்ட் ஸ்டோலிச்கா. அவரோ கடலே இல்லாத மொராவியா நாட்டில், 1838ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் பிறந்தவர். அவருடைய தந்தையார் ஓலோமோட்ஸ் பேராயரின் தோட்டக் காடுகளைக் காத்துவந்தார். பிராகிலும் வியன்னாவிலும் கல்வி பயின்ற ஸ்டோலிச்கா, 1862இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து கல்கத்தா வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

அங்கே அவருக்குக் காத்திருந்தவை நம் பக்கத்துக் கற்கள். பிளான்போர்டு என்பவரும் அவருடைய குழுவினரும் அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், அரியலூர், ஊத்தத்தூர் ஆகிய ஊர்களைச் சுற்றித் திரட்டியவை அவை. (நமது புதுக்கோட்டை அக்காலத்தில் தொண்டைமான் மன்னரின் சமஸ்தானம்.) பிளான்போர்டு ஒரு சிறு பகுதியை மட்டுமே விவரித்திருந்தார். மீதியை ஸ்டோலிச்கா ஏற்றார். ஒவ்வொரு சிப்பியின் வரிகளையும், மூட்டுப் பற்களையும், சுருளையும் அளந்து, ஐரோப்பியப் பாறைகளில் கண்டவற்றோடு ஒப்பிட்டார். ஒரே வகை உயிர் இரு நாட்டுப் பாறையிலும் இருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்று கொள்ளலாம். இப்படியே சுமார் பத்து ஆண்டுகள் உழைத்தார். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியன்று. ஆயினும் அம்மொழியிலேயே எழுதி, 1873க்குள் அந்நூல் வரிசையை முடித்தார். தேர்வுக்கு நான்கு பக்கம் எழுதவே கை வலிக்கிறது என்று முணுமுணுக்கும் எங்களுக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

இடையிடையே இமயமலையில் ஸ்பித்தி, கட்ச், அந்தமான் என்று பல இடங்களுக்கும் சென்று, பறவைகளையும் நத்தைகளையும் பற்றி எழுதினார்.

வேலை முடிந்ததும் அவர் கல்கத்தாவில் அமைதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1873இலேயே யார்க்கண்டுக்குப் புறப்பட்ட அரசாங்கத் தூதுக்குழுவில் சேர்ந்தார். காஷ்கர் சென்று, பாமீர் மலைகளைக் கண்டு, 1874ஆம் ஆண்டுக் கோடையில் சுமார் பதினெட்டாயிரம் அடி உயரமுள்ள காரகோரம் கணவாய் வழியே திரும்பினார். அங்கே கடும் தலைவலியும் மூச்சுத்திணறலும் அவரைப் பற்றிக்கொண்டன. உயரத்தால் வரும் நோய்க்கு உடனே கீழே இறக்குவதே மருந்து என்பது இன்று மலையேறுவோர் அனைவருக்கும் தெரியும். ஜூன் 19ஆம் நாள் லடாக்கின் முர்கோ என்னுமிடத்தில் அவர் உயிர் நீத்தார். வயது முப்பத்தாறுதான்.

லே நகரில் அவரை அடக்கம் செய்து, அரசாங்கம் ஒரு நினைவுக்கல்லும் எழுப்பியது. அந்தப் பயணத்தில் அவர் சேகரித்தவற்றையும் எழுதிவைத்த குறிப்புகளையும் கொண்டு, 1878 முதல் மற்ற அறிஞர்கள் பல பகுதிகளாக நூல்கள் வெளியிட்டனர்.