நினிவேயின் ஈசாக்கு: நம் வளைகுடாக் கரையில் பிறந்த பக்தன்



நாம் எல்லாரும் பிழைப்புக்காகக் கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்தவர்கள். எண்ணெய் கிடைத்த பிறகு வந்த நம்மைப் போன்றவர்களால்தான் வளைகுடாவில் கிறிஸ்தவ ஜெபம் தொடங்கியது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது அப்படி அல்ல. அபுதாபியைச் சேர்ந்த சர் பனி யாஸ் தீவில் பழைய கிறிஸ்தவ மடம் ஒன்று 1992-ல் கண்டுபிடிக்கப்பட்டது. உம் அல் குவைனின் சினியா தீவில் இன்னொரு மடம் கண்டெடுக்கப்பட்ட செய்தி 2022-ல் வெளியானது. சவூதியின் ஜுபைலிலும் குவைத்தின் ஃபைலகா தீவிலும் பழைய ஆலயங்களின் சுவர்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் சுரியானி மொழியில் ஜெபித்த சபைகள் இருந்திருக்கின்றன.

அந்தச் சபைகள் பெற்றெடுத்த ஒரு பக்தனின் வாழ்க்கையை இந்த ஆண்டு விழா மலரில் நினைவுகூருவோம். அவர் பெயர் ஈசாக்கு.

அவர் பிறந்த பகுதிக்கு அக்காலத்தில் பெத் கத்ராயே என்று பெயர். இன்றைய கத்தாரும் அதைச் சுற்றிய கரையோரமும் தீவுகளும் அதில் அடங்கும். அங்கிருந்த கிறிஸ்தவர்கள் கிழக்கின் திருச்சபை என்னும் பழமையான சபையைச் சேர்ந்தவர்கள். சென்னைப் பரங்கிமலையில் பஹ்லவி எழுத்து பொறித்த பழைய சிலுவை ஒன்று உண்டு. அதைச் செதுக்கிய பாரசீகக் கிறிஸ்தவர்களையும் ஈசாக்கின் மக்களையும் ஒரே கடல்வழிதான் இணைத்தது. ஈசாக்கு சொந்த ஊரிலேயே வேத வசனங்களை விளக்கும் போதகராக இருந்தார். தாதிஷோ, காபிரியேல் போன்ற வேறு எழுத்தாளர்களும் அந்தக் காலத்தில் அதே பகுதியிலிருந்து எழும்பினார்கள்.

676-ம் ஆண்டில் அந்தச் சபையின் தலைவரான முதலாம் கிவர்கிஸ் வளைகுடாவுக்கு வந்தார். இப்பகுதி ஆயர்களுக்கும் தலைமைக்கும் இடையே நீண்ட நாளாகப் பிளவு இருந்தது. தாரின் என்ற இடத்தில் மாமன்றம் கூட்டி அவர் அதைச் சரிசெய்தார். சவூதியின் தாரூத் தீவில் அந்த ஊர் இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. கிவர்கிஸ் ஊர் திரும்பும்போது ஈசாக்கையும் அழைத்துச் சென்று, நினிவேக்குப் பேராயராக அபிஷேகம் செய்தார்.

பிள்ளைகளே, நினிவே என்றதும் உங்களுக்கு யோனா ஞாபகம் வரும். யோனா நினிவேக்குப் போகாமல் ஓடினார். ஈசாக்கோ போனார், ஆனால் ஐந்தே மாதத்தில் பதவியை விட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டார்!

ஏன் விட்டார்? காரணம் தேவனுக்கே தெரியும் என்று ஒரு பழைய வரலாற்று ஆசிரியர் எழுதி முடித்துவிட்டார். ஆனால் பரம்பரையாக ஒரு கதை சொல்லுவார்கள். கடன் கொடுத்த ஒருவனும் வாங்கிய ஒருவனும் புதுப் பேராயரிடம் வழக்கைக் கொண்டுவந்தார்கள். வாங்கியவன் கடனை ஒத்துக்கொண்டு, கொஞ்சம் தவணை மட்டும் கேட்டான். கொடுத்தவன் இணங்கவில்லை. ஈசாக்கு சுவிசேஷத்தின் போதனையை எடுத்துக் காட்டி, ஒரு நாளாவது பொறுக்கும்படி கேட்டார். சுவிசேஷத்தை இதில் இழுக்க வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான். சுவிசேஷத்துக்கு இடமில்லாத இடத்தில் தனக்கு என்ன வேலை என்று ஈசாக்கு எண்ணினாராம்.

அவர் இன்றைய ஈரானின் குஜிஸ்தான் பகுதியிலுள்ள மத்தூத் என்னும் மலைக்குப் போய், அங்கே தனித்து வாழ்ந்த துறவிகளோடு சேர்ந்தார். பிற்பாடு ரப்பான் ஷாபூர் மடத்தில் தங்கினார். வாரத்துக்கு மூன்று ரொட்டியும் கொஞ்சம் காய்கறியும்தான் அவருடைய ஆகாரம். சமைத்த உணவைத் தொடமாட்டார். ஓயாத வாசிப்பாலும் தவத்தாலும் கண்பார்வை போயிற்று. அதன் பிறகும் அவர் ஊழியம் நிற்கவில்லை. அவர் சொல்லச் சொல்லச் சீஷர்கள் எழுதினார்கள். நாலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் பார்வையின்றியே வேதம் போதித்த திதிமுவை நினைத்து, இவரை இரண்டாம் திதிமு என்று அழைத்தார்கள். சாந்தமும் தாழ்மையும் உள்ளவராக வாழ்ந்து, அந்த மடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அப்படி என்ன எழுதினார்? தேவனுடைய இரக்கத்தைப் பற்றியே திரும்பத் திரும்ப எழுதினார். முத்துக் குளிப்பவன் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுக் கடலில் இறங்குவதுபோல, கிறிஸ்து என்னும் முத்தைத் தேடுகிறவனும் பாரமில்லாமல் இறங்க வேண்டும் என்றார். வளைகுடாவில் பிறந்தவருக்கு முத்துக் குளிப்பவரின் உவமை இயல்பாக வந்திருக்கும். மனிதருக்காக மட்டுமல்ல, பறவைகளுக்காகவும் மிருகங்களுக்காகவும் சத்துருக்களுக்காகவும்கூட உருகுவதே இரக்கமுள்ள இருதயம் என்று போதித்தார். தேவனுடைய இரக்கத்தின் முன் மனிதரின் பாவமெல்லாம் பெருங்கடலில் எறிந்த ஒரு கைப்பிடி மணல் போன்றது என்பது அவர் கற்பித்த உவமை.

இனிதான் அதிசயம். கிழக்கின் திருச்சபையைக் கிரேக்க, லத்தீன் சபைகள் ஐந்தாம் நூற்றாண்டு முதலே பிரிந்துபோனவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தன. ஆனாலும் பெத்லகேமுக்கு அருகிலுள்ள மார் சாபா மடத்தின் துறவிகள் ஆபிரகாமும் பத்ரிக்கும், ஈசாக்கு இறந்து சுமார் நூறு ஆண்டுகளில் அவருடைய போதனைகளைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார்கள். அங்கிருந்து அவை ஸ்லாவிய மொழிக்கும் லத்தீனுக்கும் போயின. இடைக்கால ஐரோப்பாவின் துறவிகள் அவற்றைக் கையால் பகர்த்து எழுதினார்கள். எழுதியவர் எந்தச் சபைக்காரர் என்று அறியாமலேயே பலர் வாசித்தார்கள். 1497-ல் பார்சலோனாவில் லத்தீன் பதிப்பு அச்சாயிற்று. ரஷ்யாவில் எளிய வீடுகளிலும் அவர் நூல் இருந்தது. தஸ்தயேவ்ஸ்கியின் கரமாஸவ் சகோதரர்கள் நாவலில் வேலைக்காரர் ஒருவர் அதை வைத்திருக்கிறார்.

அவருடைய எழுத்துகள் இன்னும் நமக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. தொலைந்துபோனதாக நினைத்த இரண்டாம் பகுதியின் கையெழுத்துப் பிரதியை, ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் 1983-ல் பேராசிரியர் செபாஸ்டியன் பிராக் அடையாளம் கண்டார். 1995-ல் அதன் ஒரு பகுதி நூலாக வந்தது. மூன்றாம் பகுதியை இத்தாலியத் துறவி சபீனோ கியாலா 2011-ல் பதிப்பித்தார். கத்தார் பல்கலைக்கழக அறிஞர்களும் சேர்ந்து, ஏழாம் நூற்றாண்டுக் கத்தாரின் சுரியானி எழுத்தாளர்களைப் பற்றிய நூலை 2014-ல் வெளியிட்டார்கள். தங்கள் மண்ணில் பிறந்த கிறிஸ்தவரை இஸ்லாமிய அறிஞர்களும் மரியாதையோடு ஆராய்கிறார்கள். 2024 நவம்பரில் போப் பிரான்சிஸ் இவர் பெயரை ரோமன் கத்தோலிக்கப் பரிசுத்தவான்களின் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தார்.

அன்பானவர்களே, இந்நாட்டில் நம்மை அடையாள அட்டையில் உள்ள பதவியை வைத்தே மதிக்கிறார்கள். வேலை போனால் மதிப்பும் போய்விடுமோ என்ற பயத்தில் தூக்கம் இழந்தவர்கள் நம் நடுவில் உண்டு. ஊருக்குத் திரும்பிய பிறகு நாம் யாரென்று யாருக்குத் தெரியும் என்று ஏங்குகிறவர்களும் உண்டு. ஈசாக்கு பேராயராக இருந்தது ஐந்து மாதம். பதவியும் பார்வையும் இல்லாமல் அவர் செய்த ஊழியமோ 1,300 ஆண்டுகளாகப் பலன் தருகிறது. ஒரே ஆலய வளாகத்தில் பல சபைகள் முறைவைத்து ஆராதிக்கும் நமக்கு இன்னொன்றும் விளங்கும்: சபைகளின் வேலிகள் தடுக்க முடியாத வார்த்தை ஒன்று உண்டு, அது இரக்கத்தின் வார்த்தை.

பிள்ளைகளே, அடுத்த முறை அப்பா அம்மாவோடு கடற்கரைக்குப் போகும்போது ஒரு கைப்பிடி மணலை அள்ளிக் கடலில் எறியுங்கள். பிறகு அதைத் தேடிப் பாருங்கள். இதே கடற்கரையில் பிறந்த ஒரு தாத்தா, தேவன் நம்மை மன்னிப்பது இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த இரக்கத்தின் தேவன் நம் சபையை இந்த மண்ணில் இன்னும் பல்லாண்டு நடத்துவாராக. ஆமென்.