கண்ணுக்குள் வில்லை வைத்த ரிட்லி

போர் உயிரை அழிக்கும், ஒளியைப் பறிக்கும். ஆயினும், போரில் விமானிகளின் கண்களில் பட்ட காயத்திலிருந்தே, கண்புரையால் ஒளியிழந்த முதியோர்க்கு வழிகண்டார் ஒருவர். அவரே ஆங்கிலக் கண் மருத்துவ மேதை ஹரால்ட் ரிட்லி.

1906ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் அவர் பிறந்தார். தந்தையாரும் கண் மருத்துவரே. கேம்பிரிட்ஜிலும், இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலும் பயின்று, தந்தையின் துறையையே தமதாக்கிக் கொண்டார்.

1940இல் பிரிட்டன் மீது வான்போர் மூண்டது. குண்டுபட்ட விமானங்களின் மேல்மூடி சிதறி, பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் துணுக்குகள் இளம் விமானிகளின் கண்களில் பாய்ந்தன. இரும்புத்தூளோ மரச்சிராயோ புகுந்தால் கண் சிவந்து வீங்கும். இத்துணுக்குகளோ ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தும் தீங்கு செய்யவில்லை. இதனை ரிட்லி கூர்ந்து நோக்கி நினைவில் வைத்தார்.

அந்நாளில் கண்புரை அறுவை என்பது, புரை படர்ந்த வில்லையை எடுத்துவிடுவதோடு முடிந்தது. பின்னர் நோயாளி 'சோடாபுட்டி'க் கண்ணாடியோடு காலந்தள்ள வேண்டும். அதன்வழி பொருள்கள் பெரிதாகத் தோன்றும். பக்கப் பார்வை குன்றும். ஒருமுறை அறுவையைக் கண்ட மாணவர் ஒருவர், எடுத்ததற்கு ஈடாக வேறு வில்லை வைப்பதில்லையா என வினவினாராம். ரிட்லியின் எண்ணம் செயலாயிற்று. 1949 நவம்பர் 29 அன்று, அதே பிளாஸ்டிக் வகையில் செய்த வில்லையை ஒரு பெண்மணியின் கண்ணுள் பொருத்தினார்.

1951இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டில் இதனை வெளியிட்டபோது, மூத்த மருத்துவர் பலர் முகஞ்சுளித்தனர். கண்ணில் புகுந்த அயற்பொருளை அகற்றுவதன்றோ மருத்துவம்? இவரோ புகுத்துகிறாரே! அவர்கள் அச்சம் முற்றும் வீணன்று. சிலருக்கு வில்லை நழுவியது, அழற்சியும் கண்டது. ரிட்லி மனம் நொந்தார். ஆனால் கொள்கையைக் கைவிடவில்லை. பிறநாட்டு மருத்துவரும் குறைகளைக் களைய முனைந்தனர். 1981இல் அமெரிக்க அரசும் இவ்வகை வில்லைகளை ஏற்றது.

1986இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 2000இல் 'சர்' பட்டம் வந்தது. தாம் கண்ட முறையிலேயே தம் கண்களிலும் வில்லை பொருத்தப்பெற்று, 2001 மே 25 அன்று 94ஆம் வயதில் மறைந்தார்.

1992இல் மதுரையில் தோன்றிய ஆரோலேப், அவ்வில்லையை ஏழையரும் பெறும் விலையில் செய்யத் தொடங்கியது. விமானியின் காயம் நம் ஊர்ப் பாட்டிக்கும் ஒளியானது. கண்டவர் பலராயினும், கருதிப் பார்த்தவர் ரிட்லியே. மாணவ நண்பர்களே, ஆய்வு என்பது அதுவே!