மார்ட்டின் லூதர்

மார்ட்டின் லூதர் (நவம்பர் 10, 1483 – பெப்ரவரி 18, 1546) ஜெர்மனியைச் சேர்ந்த துறவி, இறையியல் பேராசிரியர், விவிலிய மொழிபெயர்ப்பாளர். மனிதன் கடவுளின் மன்னிப்பைத் தன் நற்செயல்களால் ஈட்ட முடியாது, இயேசு கிறித்துவின் மேல் கொள்ளும் விசுவாசத்தினால் இலவசமாகவே பெறுகிறான் என்பது இவரது போதனையின் மையமாகும். சீர்திருத்தத் திருச்சபைகள் (புரோட்டஸ்தாந்து) தோன்ற இவரே முதன்மைக் காரணர். அமெரிக்க உரிமைப் போராளி மார்ட்டின் லூதர் கிங்கின் (1929–1968) பெயர் இவரது பெயரை ஒட்டி இடப்பட்டது, இருவரும் வேறானவர்கள்.

இளமையும் துறவும்

லூதர் ஐஸ்லேபன் நகரில் பிறந்தார். செப்புத் தொழிலில் முன்னேறிய தந்தை ஹான்ஸ், மகன் சட்டம் பயில வேண்டுமென விரும்பினார். எர்ஃபுர்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றுச் சட்டப் படிப்பைத் தொடங்கியிருந்த லூதர், ஜூலை 2, 1505 அன்று ஸ்டோட்டர்ன்ஹைம் என்னும் ஊரருகே இடிமின்னலில் சிக்கினார். அச்சத்தில், துறவியாவதாகப் புனித அன்னாவிடம் நேர்ந்துகொண்டார். இரு வாரங்களில் எர்ஃபுர்ட்டில் இருந்த அகுஸ்தீனார் மடத்தில் சேர்ந்தார். தந்தை கடுங்கோபம் கொண்டார்.

நோன்பு, இரவு விழிப்பு, செபம் என எதிலும் லூதர் குறை வைக்கவில்லை. எனினும் அமைதி கிட்டவில்லை. பாவங்களை நினைவுகூர்ந்து அறிக்கையிட வேண்டும் என்பது ஒழுங்கு. எதையேனும் மறந்துவிட்டோமோ என்ற ஐயம் இவரை வாட்டியது. தமது மனவருத்தம் கடவுள்மீதுள்ள அன்பினாலா, தண்டனைக்கு அஞ்சியதாலா என்பது அதனினும் கடிய ஐயம். ஒவ்வொரு பாவ அறிக்கையும் அடுத்த ஐயத்தைப் பிறப்பித்தது. மேலாளரும் ஆன்ம வழிகாட்டியுமான ஸ்டாபிட்ஸ், கிறித்துவின் காயங்களை நோக்குமாறு அறிவுறுத்தி இவரைத் தேற்றினார்.

விசுவாசத்தினால் நீதிமானாதல்

1512 இல் முனைவர் பட்டம் பெற்று விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் விவிலியப் பேராசிரியரானார். உரோமையர் நிருபத்தின் முதல் அதிகாரம் 17ஆம் வசனத்தில் வரும் கடவுளின் நீதி என்னும் தொடர் இவரை வெகுகாலம் அச்சுறுத்தியது. பாவியைத் தண்டிக்கும் நீதி என்றே அதனைப் புரிந்திருந்தார். பின்னர், பாவியைக் கடவுள் நீதிமானாக ஏற்று அவனுக்குக் கொடையாக அளிக்கும் நீதியே அது எனக் கண்டார். இத்தெளிவு பிறந்த ஆண்டு குறித்து ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. லூதர் இதனை விரிவாக நினைவுகூர்ந்தது 1545 இல், முதுமையில்.

நற்செயல்கள் தேவையற்றவை என்று லூதர் கற்பித்ததாகக் கூறுவது தவறு. நல்ல மரம் நல்ல கனி தரும், ஆனால் கனியினால் மரம் நல்லதாவதில்லை என்னும் உவமையை 1520 இல் எழுதிய கிறித்தவனின் சுதந்திரம் பற்றிய நூலில் விளக்கினார். மன்னிப்புப் பெற்றவன் கூலிக்காக அன்றி, அயலானின் தேவைக்காக நன்மை செய்கிறான் என்பதே இவர் நிலைப்பாடு.

95 கருத்துரைகள்

பாடநூல்களில் பாவமன்னிப்புச் சீட்டு எனப்படுவது, தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் பலன் ஆகும். கோட்பாட்டளவில் அது பாவத்தை அன்று, மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு எஞ்சிய தண்டனையை நீக்குவது. மக்கள் இவ்வேறுபாட்டை அறியவில்லை. யோகான் டெட்சல் போன்ற பரப்புநர்கள் தெளிவுபடுத்தவும் இல்லை. திரண்ட பணத்தில் ஒரு பங்கு உரோமையில் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கும், மறுபங்கு மைன்ஸ் பேராயர் அல்பிரெக்ட் ஃபுக்கர் வணிகக் குடும்பத்திடம் பெற்ற கடனை அடைக்கவும் சென்றது.

அக்டோபர் 31, 1517 அன்று லூதர் 95 கருத்துரைகளைப் பேராயருக்கு அனுப்பினார். ஆலயக் கதவில் ஆணியடித்தார் என்னும் புகழ்பெற்ற செய்தி உறுதியானதன்று. அதனைப் பதிவு செய்த மெலாங்தன் அப்போது விட்டன்பர்க்கில் இல்லை.

1521 சனவரியில் திருத்தந்தை பத்தாம் லியோ இவரைச் சபைநீக்கம் செய்தார். அவ்வாண்டு ஏப்ரலில் வோர்ம்ஸ் பேரவையில், பேரரசர் ஐந்தாம் சார்லசு முன்னிலையில், தம் நூல்களைத் திரும்பப்பெற மறுத்தார்.

மொழிபெயர்ப்பு

சாக்சனி இளவரசரின் பாதுகாப்பில் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபோது, ஏறத்தாழ 11 வாரங்களில் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அது 1522 இலும் முழு விவிலியம் 1534 இலும் வெளிவந்தன. உரோமையர் 3:28 இல் மூலத்தில் இல்லாத மட்டும் என்னும் சொல்லைச் சேர்த்தது பெரும் கண்டனத்துக்குள்ளானது. ஜெர்மன் மொழியின் இயல்பும் வசனத்தின் கருத்தும் அச்சொல்லை வேண்டுகின்றன என 1530 இல் விடையளித்தார். செயல்களின்றி விசுவாசம் செத்தது என்ற கருத்துடைய யாக்கோபு நிருபத்தை இவர் தாழ்வாக மதிப்பிட்டதும் இதனோடு தொடர்புடையது.

பிற்காலம்

1525 இல் முன்னாள் கன்னியர் கத்தரீனா ஃபொன் போராவை மணந்தார். ஆறு குழந்தைகள் பிறந்தனர். அதே ஆண்டு கிளர்ந்தெழுந்த உழவர்களை ஒடுக்குமாறு ஆட்சியாளரைத் தூண்டி எழுதினார். 1543 இல் யூதர்களுக்கு எதிராக எழுதிய நூல் மிகக் கொடியது. அமெரிக்காவின் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை 1994 இல் அவ்வெழுத்துகளை வெளிப்படையாக நிராகரித்தது.

லூதர் பிறந்த ஊரிலேயே காலமாகி, விட்டன்பர்க் கோட்டை ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு திரெந்துச் சங்கம் இவரது கோட்பாட்டைக் கண்டித்தது. 452 ஆண்டுகளுக்குப் பின், அக்டோபர் 31, 1999 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இக்கோட்பாட்டின் அடிப்படையில் உடன்பாடு கண்டு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன.

தமிழகத் தொடர்பு

லூத்தரன் மறைபணியாளர்களான சீகன்பால்கு, புளூட்சாவ் ஆகியோர் ஜூலை 9, 1706 அன்று தரங்கம்பாடிக்கு வந்தனர். சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714–1715 இல் அங்கு அச்சிடப்பட்டது.