வானம் அனைவர்க்கும் பொது

நுழையும்முன்

போட்டியில் வெல்வதைவிடப் போட்டியிடும் உரிமையைப் பெறுவதே அரிதாக இருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் பெண்களுக்கான நெடுந்தொலைவு வான்பந்தயம் சமமான விதிகளோடு நடைபெறக் குரல்கொடுத்த அமெலியா ஏர்ஹார்ட்டின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் வேட்கையும்

அமெலியா 1897ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலுள்ள அட்சிசன் என்னும் ஊரில் பிறந்தார். முதல் உலகப்போரின்போது கனடாவின் டொராண்டோ நகரில் காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டாற்றினார். 1920இல் முதன்முதலாக வானூர்தியில் ஏறிப் பறந்தார். அன்றே வானூர்தி ஓட்டக் கற்பதென உறுதிபூண்டார். பயிற்சிக் கட்டணத்திற்காகப் பல பணிகளைச் செய்து, நெட்டா ஸ்னூக் என்னும் பெண் விமானியிடம் பயின்றார். 1928இல் வானூர்தியில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த முதல் பெண் என்னும் புகழ் அவரைச் சேர்ந்தது. எனினும், அவ்வூர்தியை இயக்கியவர்கள் ஆண்களே என்பது அவர் உள்ளத்தை உறுத்தியது.

விதிகளும் விவாதமும்

1929இல் தேசிய வான்பந்தய அமைப்பாளர்கள் பெண்களுக்கெனத் தனிப்போட்டி ஒன்றை வகுத்தனர். கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்து ஒகையோவின் கிளீவ்லாந்து வரை ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர் பறக்க வேண்டும். 100 மணிநேரம் தனித்துப் பறந்த பட்டறிவும், அதில் 25 மணிநேரம் நெடுந்தொலைவுப் பயணமும் தகுதியாகக் கருதப்பட்டன. பாராசூட், மூன்று நாளுக்கான உணவு, குடிநீர் ஆகியவற்றை உடன்கொண்டு செல்லுதல் கட்டாயம். இடைநிலையங்களுக்கு இடையே பறந்த நேரத்தைக் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவரே வென்றவர் என முடிவுசெய்யப்பட்டது.

இதற்கிடையே, தொடக்க இடத்தை ராக்கி மலைகளுக்குக் கிழக்கேயுள்ள ஒமாகாவிற்கு மாற்றலாம்; ஒவ்வொருவரும் ஆண் துணை ஒருவரை அழைத்துவரலாம் என்னும் கருத்துகள் எழுந்தன. பாதுகாப்பின் பெயரால் தரப்படும் இச்சலுகை, பெண்களின் திறமையை ஐயுறுவதாகும் என அமெலியாவும் பிற விமானிகளும் எதிர்த்தனர். அத்தகைய போட்டியில் பங்கேற்க மறுத்தனர். அமைப்பாளர்கள் தம் எண்ணத்தைக் கைவிட்டனர்.

துயரும் துணிவும்

ஆகஸ்டு 18ஆம் நாள் பந்தயம் தொடங்கியது. யூமா நகரில் தரையிறங்கியபோது அமெலியாவின் ஊர்தி மணலில் சிக்கி அதன் சுழல்விசிறி சேதமுற்றது. அதனை மாற்றிக்கொண்டு அவர் பயணத்தைத் தொடர்ந்தார். மார்வெல் குராசன் என்னும் விமானி அரிசோனாவில் விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார். பந்தயத்தை நிறுத்த வேண்டும் என்னும் குரல் எங்கும் ஒலித்தது.  இறந்த தோழிக்குச் செய்யும் சிறப்பு பயணத்தை முடிப்பதே எனப் பெண்கள் துணிந்தனர்.

வழியில் தம் ஊர்தியில் தீப்பிடிப்பதைக் கண்ட பிளாஞ்ச் நாய்ஸ், தரையிறங்கி மணலால் தீயை அணைத்து மீண்டும் பறந்தார். ஆகஸ்டு 26ஆம் நாள் லூயிஸ் தேடன் கிளீவ்லாந்தை முதலில் அடைந்தார். கனரக ஊர்திப் பிரிவில் அவருக்கே வெற்றி கிட்டியது. அமெலியா மூன்றாம் இடம் பெற்றார். போட்டியிட்டோருள் பெரும்பாலோர் பயணத்தை நிறைவு செய்தனர்.

நிலைத்த பணி

பந்தயத்தில் அரும்பிய தோழமை, அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் ஓர் அமைப்பாக மலர்ந்தது. தொடக்க உறுப்பினர் 99 பேர் என்பதால் அவ்வமைப்புக்கு 'தொண்ணூற்றொன்பதின்மர்' எனப் பொருள்படும் பெயரே சூட்டப்பட்டது. பின்னர் அமெலியா அதன் முதல் தலைவரானார். 1932இல் அட்லாண்டிக்கைத் தனியொருவராகப் பறந்து கடந்து, முந்தைய மனக்குறையைப் போக்கிக்கொண்டார். 1937இல் உலகைச் சுற்றிவரும் பயணத்தில் கராச்சி, கல்கத்தா நகரங்களில் இறங்கிச் சென்ற அவர், ஜூலை 2ஆம் நாள் பசிபிக் பெருங்கடற்பரப்பில் மறைந்தார்.

அவர் தோற்றுவித்த அமைப்பு இன்றும் பெண் விமானிகளுக்குத் துணைநிற்கிறது. சலுகையை மறுத்துச் சமமான விதியைக் கேட்டுப் பெற்ற அவரது உறுதி, மூன்றாம் இடம் பெற்றவரையும் முதன்மையானவராக வரலாற்றில் நிறுத்தியது.